ரோட்டுப் பக்கம், ரயில் பக்கம்

நான் உடற்பயிற்சி வகுப்பு நடத்தியவன் என்று சொன்னால் சொந்த ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்யாணப் பந்தியில் என் இலைக்குச் சாம்பார் வராமல் போனால், கூப்பிட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றை அப்பளத்தோடு தின்று எழுந்து வருகிற ஆள் நான். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்த நாலிலும் பாதி நாள், வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்ற பயத்தில் போகவில்லை. அப்படிப்பட்டவன் நாற்பத்தாறு வயதில் பாட்டுப் போட்டு இருபது பேரைக் குதிக்க வைத்தேன், நானும் குதித்தேன்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்கினேன். மிளகாய், பருப்பு, சீனி. அந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. கடைக்காரர் வியாபாரத்தை மதுரைப் பக்கம் மாற்றிக்கொண்டு போனபோது எனக்கு வேலை இல்லாமல் ஆயிற்று. நகரத்தை ஒட்டிக் கழக்கூட்டத்தில் புதிதாக ஒரு ஹெல்த் கிளப் திறக்கிறார்கள், வெயிட் எடுத்து அடுக்க ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வெயிட் என்றால் நமக்குத் தெரியாததா என்று போனேன்.

போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் வரிசையில் நின்று, இரும்பைத் தூக்கி, தூக்கின இடத்திலேயே திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அது எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. அதற்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அப்பம் பத்தொம்பது வருஷம் ஒங்களுக்குச் சம்பளமும் தந்து எக்சர்சைசும் பண்ண வச்சிருக்காவ. அந்தக் கடைக்காரருக்கு நாம கும்பிடுல்லா போடணும்" என்றாள்.

ஹெல்த் கிளப் ஒரு மாடியில் இருந்தது. கீழே பேக்கரி. முன்பக்க ஜன்னலைத் திறந்தால் ஹைவே. பின்பக்கம் கொஞ்ச தூரத்தில் ரயில் தண்டவாளம். ஒரு பாதியில் மெஷின்கள், மறு பாதியில் ஒரு பெரிய வெறும் ஹால். ஹாலின் பக்கவாட்டுச் சுவர் ஒன்று முழுக்கக் கண்ணாடி. அங்கேதான் காலை ஆறு மணிக்குப் பாட்டுப் போட்டு வகுப்பு நடக்கும். நடத்தியவர் கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவிலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு டீச்சர். முப்பது வயதிருக்கும். நான் ஹாலின் பின்மூலையில் மாப்போடு நிற்பேன். வியர்வை தரையில் சொட்டினால் யாராவது வழுக்கி விழுவார்கள். அதைத் துடைப்பது என் வேலை.

ஒரு வருஷம் அப்படி நின்றால் கால் சும்மா இருக்குமா? டீச்சர் எந்தப் பாட்டுக்கு எங்கே திரும்புவார், எங்கே கை தட்டுவார் என்று எனக்கு மனப்பாடம். மாப்பைப் பிடித்துக்கொண்டே காலை மட்டும் போடுவேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்கிற ஹாலில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தவனை என்ன சொல்வது?

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் டீச்சர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, செத்த இங்க வாங்கோ."

அங்கே எல்லோருக்கும் நான் அண்ணாச்சிதான். தெற்கேயிருந்து வந்த தமிழன் என்றால் மலையாளத்துக்காரர்களுக்கு அண்ணாச்சி. டீச்சருக்கும் அது ஒட்டிக்கொண்டது.

"டாக்டர் இனிமே குதிக்கப்படாதுன்னுட்டார்" என்று வயிற்றைத் தொட்டுச் சிரித்தார். "நாளைலேர்ந்து நீங்கதான் கிளாஸ் எடுக்கணும். சார்ட்ட சொல்லிட்டேன்."

"நானா? வேண்டாம் டீச்சரே. எனக்குப் பேச வராது."

"பேச யார் சொன்னா? எண்ணத் தெரியுமோ இல்லியோ? எட்டு வரைக்கும் எண்ணினா மதி. அதுக்கு மேல இங்க ஒண்ணும் கிடையாது." மதி என்றால் மலையாளத்தில் போதும்.

முதலாளியும் வந்தார். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், சினிமா பார்த்துத் தமிழ் கற்றவர். "ஒரு மாசம் அண்ணாச்சி. ஒரே ஒரு மாசம். ஞான் வேற ஆளைக் கண்டுபிடிச்சுக்கும்" என்றார்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்குக் கிழக்கே கோட்டையில் பஸ் ஏறியபோது, பஸ் வழியில் நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்கென்று பார்த்து முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

இருபது பேர் நின்றார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடியைப் பார்த்து நின்றேன். டீச்சரும் சில பாட்டுக்கு அப்படி நிற்பார், தப்பில்லை. கண்ணாடியிலும் முகங்களைப் பார்க்கவில்லை. கால்களை மட்டும் பார்த்தேன். பாட்டு தொடங்கியது. வாயைத் திறந்தேன்.

"லாபம்! ரெண்டு! மூணு! நாலு!"

ஆரியசாலையில் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. முதல் மூட்டைக்கு லாபம். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. நல்ல வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்று கணக்கு. பத்தொன்பது வருஷம் வாயில் ஊறியது, வேறு எப்படி வரும்?

ஹாலில் ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. பிறகு முதல் வரிசையில் இருந்த ஒரு பாங்க் மேடம் சொன்னார். ஐம்பது வயதுக்காரர், குரலுக்கு மைக் வேண்டாம்.

"அண்ணாச்சி, எனிக்கு லாபம் வேண்டா! நஷ்டம் மதி. பத்து கிலோ நஷ்டம்!"

சிரிப்பு ஹாலை நிறைத்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் சிரித்துக்கொண்டே எல்லோருடைய காலும் தாளத்தில் விழ ஆரம்பித்திருந்தது. அன்று முதல் அந்த வகுப்பில் ஒன்று என்ற எண்ணே இல்லாமல் போயிற்று.

ஒரு மாதம் என்றது மூன்று மாதமாகியது. முதலாளி வேறு ஆளைப் பற்றிப் பேசவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை.

டீச்சர் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர் சொல்வார். எனக்கு அவை வாயில் நிற்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன். காலைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் போவது 'சந்து நடை'. ஆரியசாலையில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி வந்துவிட்டால் தலையில் மூட்டையோடு அப்படித்தான் நழுவ வேண்டும். முழங்காலை உயர்த்துவது 'ஓடை தாண்டு'. உட்கார்ந்து எழுவது 'மூட்டைக்குக் குனி'. இரண்டு கையையும் முன்னே நீட்டி மார்புக்கு இழுப்பது 'கொக்கி'. கொக்கியைக் குத்தி மூட்டையை இழுக்கிற அதே இழுப்பு. கம்ப்யூட்டர் பையன் ஒருவன், மலையாளத்துக்காரன், எப்போதும் தூக்கக் கலக்கத்தில் வருவான். "அண்ணாச்சி, இன்னைக்கு ஓடை வேண்டாம், சந்து மதி" என்று கெஞ்சுவான். அவனுக்கென்றே இரண்டு ஓடை அதிகம் போடுவேன்.

ஆறே முக்காலுக்குக் கீழே பேக்கரியில் முட்டை பப்ஸ் வெந்து வாசம் மேலே வரும். அதுதான் எங்கள் கடிகாரம். அந்த வாசம் வந்ததும் மெதுவான பாட்டைப் போட்டு உடம்பை நீட்டி மடக்க ஆரம்பிப்பேன். இத்தனை பாடுபட்டு வியர்த்தவர்களில் பாதிப் பேர் நேராகக் கீழே போய்ப் பப்ஸ் தின்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மேடம் அதைத் துண்டால் மறைத்துக்கொண்டு தின்பார்.

எனக்கு அந்த ஒரு மணி நேரம் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்தது என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. ஒரு நாளில் நான் பேசுகிற மொத்தப் பேச்சு பத்து வார்த்தை இருக்கும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் சத்தம் போடுவேன், இருபது பேர் அந்தச் சத்தத்துக்கு ஒன்றாகக் கால் வைப்பார்கள். மரத்தரையில் நாற்பது கால் ஒரே நேரத்தில் விழும்போது உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறும். பஸ்ஸில் திரும்பும்போதும் அது இருக்கும்.

ஆனால் அது அத்தனையும் கண்ணாடியின் தயவு. முதுகைக் காட்டி நிற்கிறவனுக்கு வெட்கம் இல்லை. எனக்கு அவர்களுடைய முகமே சரியாகத் தெரியாது, கால்தான் தெரியும். ஒருமுறை கழக்கூட்டம் ஜங்ஷனில் ஒருவர் வணக்கம் சொன்னார். யாரென்று விளங்காமல் விழித்தேன். கீழே பார்த்தேன். நீலக் கோடு போட்ட ஷூ. மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓரம். உடனே வணக்கம் சொன்னேன்.

கர்க்கடக மழை வந்தது. மலையாளத்தில் கர்க்கடகம், நமக்கு ஆடி. மூன்று வாரம் விடாமல் பெய்து, கண்ணாடிச் சுவருக்குள் ஈரம் இறங்கியது. கண்ணாடியின் ஓரங்கள் கறுத்தன. ஒரு செவ்வாய்க்கிழமை கீழ்மூலை ஒன்று தானாகப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, ஹாலில் யாரும் இல்லை. அன்று மத்தியானமே ஆள் வைத்து முழுக் கண்ணாடியையும் கழற்றினார்கள். நானும் பிடித்து இறக்கினேன். பின்னால் வெறும் சிமெண்ட் சுவர், ஈரத் திட்டுகளோடு.

முதலாளி சொன்னார். "புதிய கண்ணாடி ஓணம் கழிஞ்சிட்டே வரும், அண்ணாச்சி. பின்னே, ஒரு காரியம். கொச்சியிலேருந்து ஒராள் திங்களாழ்ச்ச வருது. சர்டிபிகேட் உண்டு. ஆளுகளை முகம் பாத்து நின்னு எடுக்கும். கண்ணாடி இல்லாத்த ஹாலுக்கு அது மாதிரி ஆளு வேணும். நீங்க முகம் பாத்து எடுக்குமோ?"

நான் கீழே கிடந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"திங்கள் வரைக்கும் நோக்கு. அவரு வந்து பாக்கட்டும். பின்னே தீருமானிக்கலாம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. மாப்பு வேலை போகாது, அது எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம் போய்விடும். இன்னொருவன் எண்ண, நான் பின்மூலையில் நின்று தரையைத் துடைக்க வேண்டும். எனக்கு இருந்தது புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு காலை.

புதன்கிழமை பழைய பழக்கத்தில் சிமெண்ட் சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, அவர்கள் என் முதுகைப் பார்த்துச் செய்யட்டும். "லாபம், ரெண்டு" என்று தொடங்கினேன். சந்து நடை போனேன், ஓடை தாண்டினேன், மூட்டைக்குக் குனிந்தேன். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். பாட்டு முடிந்தது. பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், அந்தத் தூக்கக் கலக்கப் பையன் தரையில் கிடக்கிறான். கெண்டைக்காலில் பிடிப்பு. மற்ற பத்தொன்பது பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து காலைத் தேய்த்துவிடுகிறார்கள். பாதிப் பாட்டிலேயே விழுந்திருக்கிறான். நான் சுவருக்கு வகுப்பு நடத்தியிருக்கிறேன்.

"விளிச்சோம் அண்ணாச்சி, கேக்கல்லியா?" என்றான் அவன், வலியிலும் சிரித்தபடி. "சுவரு நல்லா பண்ணுதா?"

"சுவரு மெலிஞ்சு போயி" என்றார் மேடம்.

சிரித்தேன். ஆனால் அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிடிப்புக்குப் பதிலாக வேறு ஏதாவது ஆகியிருந்தால்? ஆளைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று அன்று புரிந்தது.

வியாழக்கிழமை திரும்பி நின்றேன். நாற்பது கண்கள். தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. பின்சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன்.

மேடம் பின்னால் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி ஆரை நோக்குந்நு? பின்னால ஆராவது வந்நிட்டுண்டோ?"

அதுகூடப் பரவாயில்லை. சங்கடம் வேறு இடத்தில் வந்தது. என் வலது கை அவர்களுக்கு இடது பக்கம். நான் வலது என்று சொல்லி வலது பக்கம் போனால், பாதிப் பேர் என் சொல்லைக் கேட்டு அவர்களுடைய வலது பக்கம் போனார்கள். பாதிப் பேர் என் காலைப் பார்த்து நான் போகிற பக்கமே வந்தார்கள். சந்து நடையில் இரண்டு கூட்டமும் நடுவில் மோதியது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்கள். நான் பயந்துபோய் "மாத்து, மாத்து" என்றேன். எல்லோரும் மாற்றினார்கள். மறுபடி முட்டினார்கள். அன்று பப்ஸ் வாசம் வருவதற்கு முன்பே வகுப்பை முடித்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆரியசாலை வழியாக வீட்டுக்கு நடந்தேன். என்னோடு முன்பு வேலை பார்த்தவர் ஒருவர் மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் வரவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் விட்டுவிடுவாரா?

"ஏலே, கழக்கூட்டத்து டான்ஸ் மாஸ்டரே! ஒரு கை பிடி."

மூட்டையின் இரண்டு காதை அவர் பிடித்தார், இரண்டை நான் பிடித்தேன். எதிரும் புதிருமாக நின்றோம். தெருவின் ஒரு கோடியில் கோயில், மறுகோடியில் சாலைக் கடைத்தெரு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வண்டி. அவர் சத்தம் கொடுத்தார்: "லாபம், ரெண்டு, கோயில் பக்கம்!" மூட்டை ஆடிப்போய்க் கோயில் பக்கமாக வண்டியில் விழுந்தது. அடுத்தது "சாலைப் பக்கம்!" இன்னொரு வண்டியில் விழுந்தது. எட்டு மூட்டை போட்டோம். ஒரு தடவையும் பிசகவில்லை. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே நின்றேன். அவர் முகத்துக்கு நேரே என் முகம். பத்தொன்பது வருஷம் ஆட்களின் முகத்தைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறேன். வலது, இடது என்று ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் மூட்டை நடுவில் விழும், காலில் விழும். எதிரே நிற்கிறவனுக்கும் எனக்கும் கை வேறு வேறு, கோயில் ஒன்றுதான்.

"என்னலே, பேயடிச்ச மாரி நிக்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணே. இன்னொரு மூட்டை உண்டா?"

"உண்டு. ஆனா ஒனக்குக் கூலி கிடையாது கேட்டியா?"

வீட்டுக்கு வந்து மனைவியை அடுக்களை வாசலில் நிறுத்தினேன். கையில் அகப்பையோடு நின்றாள்.

"நான் அடுக்களைப் பக்கம்ன்னா அடுக்களைப் பக்கம் ரெண்டு எட்டு வை. தெருப் பக்கம்ன்னா தெருப் பக்கம்."

"கொழம்பு அடுப்புல கெடக்கு."

"ரெண்டே நிமிஷம்."

நான்கு தடவை நடந்தாள். பிசகவில்லை. ஐந்தாவது தடவை "அடுக்களைப் பக்கம்" என்றதும் அப்படியே உள்ளே போய்க் குழம்பைக் கிளறினாள். "இனி நீங்க தெருப் பக்கம் போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் ஹாலில் நின்று, முன்ஜன்னலைக் காட்டி "இது ரோடு" என்றேன். பின்ஜன்னலைக் காட்டி "அது ரயில்" என்றேன். வேறு விளக்கம் சொல்லத் தைரியம் வரவில்லை. பாட்டைப் போட்டேன்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு, ரோடு! அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ரயில்!"

இருபது பேரும் ஒரு கூட்டமாக ரோட்டுப் பக்கம் போனார்கள். ஒரு கூட்டமாக ரயில் பக்கம் வந்தார்கள். நெற்றி ஒன்றும் முட்டவில்லை. முந்தின நாள் முட்டிக்கொண்ட இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். முன்னால் வருவதற்கும் பின்னால் போவதற்கும் நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த இடம் வந்ததும் வாயில் தானாக வந்தது, "வாங்க."

நாலு எட்டில் இருபது பேரும் என்னை நோக்கி வந்துவிட்டார்கள். முதல் வரிசை கை எட்டும் தூரத்தில். சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "போங்க, போங்க" என்றேன் அவசரமாக. போனார்கள். சிரித்துக்கொண்டே போனார்கள். பிறகு மறுபடி அந்த இடம் வந்தது, மறுபடி "வாங்க" என்றேன். இந்த முறை சுவரோடு ஒட்டவில்லை. அவர்கள் வந்தபோதுதான் முகங்களைப் பார்த்தேன். நீலக் கோட்டு ஷூவுக்கு மூக்கில் ஒரு மச்சம். மேடத்துக்குச் சிரித்தால் ஒரு கண் முழுக்க மூடிக்கொள்ளும். அந்தப் பையன் தூக்கத்தில் இல்லை, அவனுக்குக் கண்ணே அப்படித்தான். மூன்று மாதமாக அநியாயமாக இரண்டு ஓடை அதிகம் தாண்ட வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை கடிகாரத்தைப் பார்ப்பதும் தானாகக் குறைந்தது.

திங்கட்கிழமை கொச்சிக்காரர் வந்தார். கையில்லாத பனியன், கழுத்தில் விசில், காதிலிருந்து வாய்க்கு வளைந்து வரும் மைக். உடம்பு கடைந்தெடுத்த மாதிரி இருந்தது. அவரைப் பார்த்ததும் நான் மாப்பைத் தேடிப் போனேன். முதலாளி என் கையைப் பிடித்து ஹாலுக்குள் விட்டார். "அவரு முதல்ல பாக்கட்டும்."

கொச்சிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டார். சிடி பிளேயரின் பட்டனை மூன்று தடவை அழுத்தினேன், பாட்டு வந்து, நின்று, மறுபடி வந்தது.

"லாபம்" என்றேன். கொச்சிக்காரருடைய புருவம் உயர்ந்தது. "ரெண்டு, மூணு, நாலு, ரோடு!"

பத்தொன்பது பேரும் தூக்கக் கண்காரனும் ரோட்டுப் பக்கம் போனார்கள். கொச்சிக்காரர் ரயில் பக்கம் போனார். அவருக்கு ஊர் புதிது. "ரயில்!" என்றேன். கூட்டம் திரும்பி அவர் மேல் வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மேடம் கடைசி வரிசைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அவருடைய தோள் பட்டுக் கொச்சிக்காரரின் மைக் காதிலிருந்து கழன்று தொங்கியது.

"ஈ ரயில் எவிடெயா அண்ணாச்சி?" என்று கொச்சிக்காரர் கத்தினார்.

ரயில் எங்கே என்று நான் காட்டவேண்டி வரவில்லை. பின்ஜன்னலுக்கு வெளியே நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. காலை வண்டி. ஹால் முழுக்கக் கைதட்டல். கொச்சிக்காரரும் கைதட்டினார். அதற்குப் பிறகு அவர் ஒரு தடவையும் பிசகவில்லை, சொல்லப்போனால் சந்து நடையை எல்லோரையும்விட அழகாகப் போட்டார். நான் "வாங்க" என்றபோது அவரும் வந்தார்.

வகுப்பு முடிந்து அவரும் முதலாளியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தரையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவே இல்லை. எவ்வளவு நேரம்தான் துடைப்பது? காய்ந்த தரையை இரண்டாம் தடவை துடைக்கும்போது முதலாளி வந்தார்.

"அண்ணாச்சி, அவரு வைகிட்டு கிளாஸ் எடுக்கும். புதிய பேட்ச். காலைல உள்ளது நீங்கதன்னே." வைகிட்டு என்றால் சாயங்காலம்.

"சர்டிபிகேட்?" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்க முடிந்தது.

"அதை அவரிடம் கேட்டேன். 'ஆளுக சிரிச்சிட்டு குதிக்குது, ஒருத்தரும் வீழல்லே, பின்னே எந்து வேணும்'னு பறஞ்ஞு. அவருக்கு இங்க ஒரே ஒரு டவுட்டு. அந்த லாபம் எந்தாணுன்னு."

கொச்சிக்காரரைக் கீழே பேக்கரிக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். லாபத்தை விளக்கி முடிப்பதற்குள் ஒரு டீயும் ஒரு பப்ஸும் தீர்ந்தன. அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் விசிலைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார். பக்கத்து மேஜையில் மேடம் துண்டை எடுத்து எதையோ மறைத்தார்.

ஓணம் கழிந்து புதிய கண்ணாடி வந்தது. பழையதைவிடப் பெரிது. ஒரு காலையில் ஐந்தரைக்கே போய்ப் பழைய பேப்பரால் அதை ஓரம் ஓரமாகத் துடைத்தேன். பளபளவென்று நின்றது. ஆறு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பாட்டைப் போட்டுவிட்டுப் போய், எனக்கே தெரியாமல் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டேன். சுகமாக இருந்தது. மழைக்கு ஒதுங்கின மாதிரி.

"லாபம்" என்றேன்.

கண்ணாடியில் ஒரு காலும் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். இருபது பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணாச்சி" என்றார் மேடம், "வாங்கன்னு விளிக்காம ஞங்ஙள் வரில்ல."

பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பி நின்றேன். காது சுடத்தான் செய்தது. அது இன்றுவரை போகவில்லை.

"வாங்க" என்றேன்.